ஒன்றரை வருடம் கிடேரி: ஒரு ஜோடிக் கன்றைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

"டாக்டருங்களா, ஒரு கத்தற ஊசி போடோணுமுங்க" என்றுதான் அழைப்பு வந்தது. சினை ஊசி போடச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் தினமும் உண்டு. பருவத்துக்கு வந்தால் மாடு கத்தும். கத்தாத மாட்டைக் கத்த வைக்க ஊசி கேட்பவர்கள் மாதத்துக்கு நாலு பேர். கோபிசெட்டிபாளையம் பக்கம் வாய்க்கால் பாசனத் தோட்டம். கறவையில் மூன்று, பால் வற்றி நிறைசினையாக ஒன்று, அப்புறம் வயதாகியும் கத்தாத இந்தக் கிடேரி, அதாவது இன்னும் ஈனாத பெண் மாடு. வீட்டுக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர், மாடு தெரிந்தவர். ஆகவே "கவனிச்சிருக்க மாட்டார், ராத்திரி கத்தி அடங்கியிருக்கும்" என்று எளிதாக ஒதுக்கிவிட முடியவில்லை.

கட்டுத்தரையில் ஜெர்சிக் கலப்புக் கிடேரி நின்றது. மார்புச் சுற்றளவை நாடாவில் பிடித்தபோது 290 கிலோ அளவுக்கு வந்தது. இந்தக் கலப்பில் சுமார் 220, 230 கிலோ வந்தாலே பருவத்தை எதிர்பார்க்கலாம். வாயைப் பிரித்துப் பார்த்தேன். கீழ்த்தாடையில் நடுப்பல் இரண்டும் புதிதாக முளைத்து, பக்கத்துப் பால்பற்களைவிட அகலமாக நின்றன. அதாவது ரெண்டு பல். இரண்டு வயதைத் தாண்டிய மாடு. அவர் கணக்கில் 27 மாதம். பல்லும் கணக்கும் ஒத்துப்போயின.

எலும்பும் தோலுமாக இருந்தால் தீனியைக் குறை சொல்லலாம். இது மினுமினுவென்று இருந்தது. ஏற்கெனவே குடற்புழு மருந்து கொடுத்தாயிற்று, தாது உப்பு வைத்தாயிற்று. முள்ளங்கி, கற்றாழை, முருங்கைக்கீரை, பிரண்டை, கறிவேப்பிலை என்று வரிசையாகக் கொடுக்கும் வைத்தியத்தையும் இரண்டு சுற்று முடித்திருந்தார். வந்து போன ஒருவர் மாட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் இரண்டு முறை ஹார்மோன் ஊசி போட்டுக் காசு வாங்கிப் போயிருந்தார். ஒன்றும் அசையவில்லை.

வாங்கிய கதையைக் கேட்டேன். ஒன்பது மாதக் கன்றாக, ஒரு வாரச் சந்தையில் வாங்கியது. துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசி 14,500 ரூபாய்க்கு முடித்திருக்கிறார்கள். விற்றவர் சொன்னதை இவர் அப்படியே ஒப்பித்தார்: "பால் மறந்த கன்னுங்க. தாய் மூணாம் ஈத்து, வேளைக்கு ஏழு லிட்டர் கறந்த மாடு. நல்ல கிடேரி."

இந்த மூன்று வாக்கியத்தில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். சந்தையில் யாரும் வயதை மாதக் கணக்கில் கேட்பதில்லை. தாயிடம் குடிப்பது பால்குடிக் கன்று. குடி நிறுத்தி, தீனிக்கு வந்தது பால் மறந்த கன்று. அதில் பெண் கிடேரிக் கன்று, ஆண் காளைக்கன்று. தெற்கே போனால் காளைக்கன்றைச் சேங்கன்று என்பார்கள். கிடாரி என்று எழுதுகிறவர்களும் உண்டு, எங்கள் பக்கம் வாயில் வருவது கெடேரி. கிடேரி சினை பிடித்தால் சினைக் கிடேரி. ஈன்ற அன்றே அந்தப் பெயர் போய், தலையீத்து மாடு ஆகிவிடும். அதற்குப் பிறகு அந்த மாட்டின் வயது அதன் ஈத்துதான்: ரெண்டாம் ஈத்து, மூணாம் ஈத்து. ஆண் பக்கம் இனத்துக்கு விட்டால் பொலிகாளை, காங்கேயத்தில் அதையே பூச்சிக்காளை என்பார்கள். காயடித்துவிட்டால் எருது. ஈத்துக் கணக்கு சொல்ல முடியாத மாட்டுக்குப் பல் கணக்கு இருக்கிறது: பல் போடாதது, ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், கடைசியில் எட்டும் முளைத்த கடை சேர்ந்த மாடு. அதற்கு மேல் பல்லைப் பார்த்துப் பயனில்லை, தேய்மானத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

யாழ்ப்பாணத்தில் கிடேரியை நாகு என்பார்கள், இளங்காளையை நாம்பன் என்பார்கள். எருமை, மரை என்ற மான், பெற்றம் என்ற மாடு இவற்றின் பெண்ணுக்கு நாகு என்ற பெயரைத் தொல்காப்பிய மரபியலே சொல்கிறது. நாம் தொலைத்த சொல்லை அவர்கள் இன்னும் கட்டுத்தரையில் வைத்திருக்கிறார்கள். சரி, மாட்டுக்கு வருவோம்.

விற்றவர் சொன்ன "நல்ல கிடேரி" என்பதில்தான் சிக்கல். கிடேரி என்ற சொல் இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறது. ஒன்று, இன்னும் ஈனாத பெண் மாடு. இன்னொன்று, இனி ஈனப்போகிற மாடு. இரண்டாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. காசு கொடுப்பது என்னவோ அதற்குத்தான்.

கையுறை மாட்டுவதற்கு முன் சுற்றி வந்து பார்த்தேன். கழுத்து கொஞ்சம் தடித்து, முன்பக்கம் கனத்து, எருது சாயல். இந்த வயதுக் கிடேரிக்கு மடி லேசாகத் திரளத் தொடங்கியிருக்க வேண்டும். இதற்குத் தொடையிடுக்கில் வெறும் தோல், அதில் மிளகாய்க் காம்பு போல நாலு காம்பு. வாலைத் தூக்கினேன். அறை, அதாவது பிறப்புறுப்பின் வெளிவாய், சின்னதாக, கன்றுக்குட்டிக்கு இருப்பது போலவே இருந்தது. அதன் கீழ்நுனியில் ஒரு கொத்து முடி, வழக்கத்தைவிட நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. விரித்துப் பார்த்தால் உள்ளே மொட்டு போன்ற பகுதி பெருத்திருந்தது. அந்த முடியைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் முதலில் சினையா என்று பார்க்க வேண்டும். கத்தாத கிடேரிகளில் சில, யாருக்கும் தெரியாமல் மேய்ச்சலில் காளை சேர்ந்து ஐந்து மாதச் சினையாக நிற்கும். இதைப் பார்க்காமல் ஊசி போட்டுக் கன்றைக் கலைத்தவர்கள் உண்டு.

ஆசனவாய் வழியாகக் கை விட்டுத் தடவினால் கருப்பை வாய் கெட்டியாக விரலுக்கு அகப்படும், இடுப்பெலும்பின் மேல் வைத்து உருட்டலாம். இங்கே உருட்ட ஒன்றுமில்லை. கருப்பைக் கொம்புகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நூல். சினைப்பை இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாத அளவுக்கு ஒரு சிறு முடிச்சு. அடுத்து, சுத்தமான மழுங்கிய பிளாஸ்டிக் குழல் ஒன்றில் வழவழப்பு தடவி, அறை வழியாக மெதுவாக உள்ளே விட்டேன். நாலு விரற்கடை போனதும் சுவரில் முட்டியது போல நின்றது. அழுத்தவில்லை. கட்டைவிரலால் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து வீட்டுக்காரரிடம் காட்டினேன். குழலைக் கழுவி, பக்கத்தில் நின்ற கறவைப் பசுவில் விட்டேன். ஒரு சாணுக்கு மேல் தாராளமாகப் போயிற்று. இரண்டு அளவையும் பார்த்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"வழியே இல்லீங்களா?"

"இல்லீங்கண்ணா."

"அப்ப இத்தன நாளா நான் கத்தும் கத்தும்னு ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுப் பார்த்தது…"

அப்போதுதான் நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். இது ஒத்தையாகப் பிறந்ததா, ஜோடியாகப் பிறந்ததா? அவருக்குத் தெரியவில்லை. சந்தையில் அதை யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதும் இல்லை. விற்றவருடைய எண் இருந்தது. அவர் எடுக்கவில்லை. மாலையில் இவருடைய அம்மா, எழுபத்தைந்து வயதிருக்கும், விற்றவர் வீட்டுப் பெண்ணிடமே பேசிவிட்டார். சண்டைக்குப் போகிற குரலில் இல்லாமல், பக்கத்து வீட்டு விசேஷத்தை விசாரிப்பது போலப் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"ஏனம்மிணி, எங்களுக்குக் குடுத்தீங்களே, அந்தக் கன்னு ஒத்தையா பொறந்துச்சா, சோடியா?"

"சோடிதானுங்க ஆத்தா. முதல்ல காளைக்கன்னு விழுந்துச்சு. முடிஞ்சுதுன்னு நெனச்சு கன்னைத் தொடச்சுட்டிருந்தோம். அரை மணி கழிச்சு இன்னொரு தண்ணிக்குடம் வருது. இதுதான் ரெண்டாவது. இளங்கொடி மறுநாள் வரைக்கும் விழவே இல்ல. விழுந்தப்ப ரெண்டுக்கும் சேத்து ஒரே கொடிங்க. சாக்குல வெச்சுக் கட்டி ஆலமரத்துல தூக்கறதுக்கே ரெண்டு ஆள் வேணும்னா பாத்துக்கங்க."

"அந்தக் காளைக்கன்னு?"

"அது பதினஞ்சு நாள்ல போயிருச்சுங்க."

ஜெர்சிக் கலப்பில் காளைக்கன்றின் கதி பெரும்பாலும் அதுதான். ஏருக்கு ஆகாது, வண்டிக்கு ஆகாது, பாலையும் குடிக்கும். கூடப் பிறந்தவன் பதினைந்து நாளில் இல்லாமல் போனதும் கிடேரியின் கதையிலிருந்து அவனும் மறைந்துவிட்டான். ஒன்பது மாதம் கழித்துச் சந்தைக்கு வந்தது வெறும் "மூணாம் ஈத்து மாட்டோட கிடேரி".

அந்தப் பெண் சொன்னதில் எனக்குத் தேவையான சான்று ஒரே கொடி, அதாவது இரண்டு கன்றுக்கும் ஒரே நஞ்சுக்கொடி என்பதுதான். மாட்டின் வயிற்றில் இரண்டு கரு தரித்தால், பெரும்பாலும் சினையின் ஆரம்ப வாரங்களிலேயே இரண்டின் கொடியும் ஒன்றோடொன்று ஒட்டி, ரத்தக்குழாய்களும் இணைந்துவிடும். அதன்பின் இருவருக்கும் ஓடுவது கலந்த ரத்தம். ஆண் கருவின் விரை முதலில் வேலையைத் தொடங்கும். அது சுரக்கும் ஒரு ஹார்மோன், ஆண் உடம்பில் கருப்பை உருவாகாமல் தடுப்பதற்கானது. அந்த ஹார்மோன் ரத்தத்தோடு தங்கை பக்கமும் போய், அங்கேயும் அதே வேலையைச் செய்துவிடுகிறது. வெளியே கிடேரி, உள்ளே வழியில்லை. காளையோடு ஜோடியாகப் பிறக்கும் 100 கிடேரிகளில் 90-க்கு மேல் இப்படித்தான் ஆகும். ரத்தத்தைப் பரிசோதித்தால் இரண்டு வகை அணுவும் இருக்கும், பெண்ணுக்குரிய எக்ஸ் எக்ஸ் உள்ளதும் ஆணுக்குரிய எக்ஸ் ஒய் உள்ளதும். இந்த மாட்டுக்கு நான் ரத்தப் பரிசோதனை எழுதவில்லை. குழல் அளவும், கையில் தட்டுப்பட்டதும், ஒரே கொடி என்ற தகவலும் போதும். ஏற்கெனவே நொந்தவருக்கு இன்னொரு செலவு எதற்கு?

இங்கிலீஷ்காரர்கள் இதற்கு ஃப்ரீமார்ட்டின் என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். லண்டனில் ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் 1779-இல் இந்த மாடுகளை அறுத்துப் பார்த்து எழுதினார். அவருக்கு வெகு காலம் முன்பே அங்கிருந்த பண்ணையாட்களுக்கு இந்தச் சொல் தெரியும். எருதோடு சேர்த்து ஏரில் பூட்டுவார்கள் அல்லது கறிக்குக் கொழுக்க வைப்பார்கள், காளையோடு சேர்த்துக் காத்திருக்க மாட்டார்கள். ரோமர் காலத்தில் வார்ரோ என்பவர் மலட்டுப் பசுவுக்கு தௌரா என்று பெயர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். காளையைக் குறிக்கும் தௌருஸ் என்ற சொல்லுக்குப் பெண் விகுதி போட்டது போல. ரத்தம் கலப்பதுதான் காரணம் என்று அமெரிக்காவில் ஃபிராங்க் லில்லி 1916-இல் விளக்கினார். விஸ்கான்சினில் ரே ஓவன் 1945-இல், ஜோடிக் கன்றுகள் ஒன்றின் ரத்த அணுவை இன்னொன்று வாழ்நாள் முழுக்கச் சுமக்கின்றன, உடம்பு அதை எதிர்ப்பதும் இல்லை என்று கண்டார். அந்த நூலிழையைப் பிடித்துக்கொண்டு போனவர்களில் பர்னெட்டுக்கும் மெடாவருக்கும் 1960-இல் நோபல் கிடைத்தது. மாற்று உறுப்பை உடம்பு ஏன் தள்ளுகிறது என்ற கேள்விக்கு ஒரு வழி, மாட்டுக் கொட்டகையில்தான் திறந்தது. ஓவனுக்கு நோபல் இல்லை.

இவ்வளவையும் தோட்டத்தில் சொல்லவில்லை. ரத்தம் கலந்தது, அண்ணனுடையது தங்கையைக் கெடுத்துவிட்டது, அவ்வளவுதான் சொன்னேன். வீட்டுக்காரர் விடவில்லை. நல்ல கேள்வி கேட்டார்.

"வெள்ளாடு ரெண்டு ரெண்டாத்தானுங்களே போடுது. கிடாயோட பொறந்த பெட்டைக்குட்டி எல்லாம் குட்டி போடலீங்களா?"

போடுகிறது. ஆட்டிலும் எப்போதாவது இப்படி வரும், ஆனால் அபூர்வம். குட்டிகளின் கொடிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் ரத்தக்குழாய்கள் பொதுவாக இணைவதில்லை. மாட்டில் இணைவதுதான் வழக்கம். தினமும் ஜோடிக் குட்டிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஜோடிக் கன்றில் கெடுதல் இருக்கும் என்று எப்படித் தோன்றும்? மாட்டில் இரட்டை எப்போதாவது வருவது. ஒரு குடும்பம் ஆயுளில் ஓரிரண்டு ஜோடி பார்க்கலாம். அதில் ஆணும் பெண்ணுமாக வருவது பாதி. அதற்குள் ஒன்று செத்துப்போகும், ஒன்று விற்றுப்போகும். அனுபவம் சேர்ந்து சொல்லாக மாறுவதற்கு இடமே இல்லை.

அந்த அம்மாவோ வேறு எதையோ கேட்க வாயெடுத்து நிறுத்தினார். திண்ணையில் பேரனும் பேத்தியும், ஒரே வயது, ஒரு தட்டில் முறுக்குக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புரிந்தது. "மனுஷருக்கு அப்படி ஆகாதுங்க ஆத்தா. ஆணும் பொண்ணுமா இருந்தா கொடியில ரத்தக்குழாய் பொதுவா ஒண்ணா சேர்றதில்ல. வெள்ளாடு மாதிரி வெச்சுக்கங்க" என்றேன். பேரப்பிள்ளைகளை வெள்ளாட்டோடு ஒப்பிட்டதற்குக் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "அப்பாடி" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வறட்டு மாடுன்னு சொல்லிரலாமுங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். இந்தச் சொல்லாலும் குழப்பம் வரும். பால் வற்றி நிற்கிற மாட்டையும் வறட்டு மாடு என்கிறோம், அது அடுத்த ஈத்தில் திரும்பக் கறக்கும். சினை நிற்காமல் சுற்றுகிற மாட்டையும் வறட்டு மாடு என்கிறோம், அதில் பாதி வைத்தியத்தில் சரியாகும். சொன்னால் கேட்பவர் "ஊசி போட்டா நின்னுரும்" என்று வாங்கிப் போவார். மலட்டுக் கிடேரி என்று சொல்லச் சொன்னேன். அதிலும் முழு விஷயம் வரவில்லை. மலடு என்றால் காரணம் ஆயிரம் இருக்கலாம். இந்தக் காரணத்துக்கு நான் சுற்றிய ஊர்களில் ஒரு பெயரைக் கேட்டதில்லை. ஈன்றதும் வரும் முதல் பாலுக்குச் சீம்பால், அதைக் காய்ச்சினால் கடும்பு, கன்றோடு வருவதற்கு இளங்கொடி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிற மொழியில், இந்த ஒரு மாடு மட்டும் கிடேரி என்ற பெயரிலேயே ஒன்றரை வருடம் தின்றுகொண்டிருந்தது. "தீனிக்கே முப்பதாயிரம் போயிருக்கும்" என்றார் அவர்.

விற்றவர் ஏமாற்றினாரா? நான் அப்படி நினைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்று தெரிந்திருந்தால் அந்தப் பெண் ஆலமரக் கதையை அவ்வளவு ஆசையாகச் சொல்லியிருக்க மாட்டார். மறுவாரம் அவர்களாகவே 3,000 ரூபாய் கொடுத்தனுப்பினார்கள். கிடேரியை இவர் நாலு மாதம் வைத்திருந்து விற்றார். உண்மையைச் சொல்லித்தான் விற்றேன் என்றார், பாதி விலைக்கு. யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

என் பக்கம் இரண்டு மாறுதல். சினைப் பதிவு நோட்டில் இனம், ஈத்து, ஊசி போட்ட தேதி, ஈனும் தேதி என்று இருந்ததோடு "ஒத்தை / ஜோடி" என்று ஒரு கட்டம் சேர்த்தேன். ஊசி போட்டதிலிருந்து ஒன்பது மாதம் பத்து நாள் எண்ணி, ஈன்றதா என்று விசாரிக்கும்போதே இதையும் கேட்டு எழுதிவிடுவது. ஜோடியில் ஒன்று காளை என்றால், கிடேரிக்கு முதல் மாதத்துக்குள்ளேயே குழல் அளவு பார்க்கலாம். நல்ல கன்றுக்கு 12 முதல் 15 சென்டிமீட்டர் வரை போகும், கெட்டதில் 5 முதல் 8-க்குள் நின்றுவிடும். வேலை இரண்டு நிமிஷம். இரண்டும் கிடேரியாக இருந்தால் கவலையே இல்லை. காளைக்கன்றுக்குப் பெரும்பாலும் இனவிருத்தியில் பாதகம் வராது, ஆனால் பொலிகாளைக்கு வளர்ப்பதாக இருந்தால் விந்தைச் சோதித்துவிடுவது நல்லது.

இன்னொரு மாறுதல் நான் செய்ததல்ல. அன்று நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா கிடேரியின் நெற்றியைத் தடவிக்கொண்டே, "அண்ணங்காரன் கெடுத்துப்போட்டுப் போயிட்டான்டி உன்னைய" என்றார். அதைப் பால் ஊற்ற வந்த இடத்தில் யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும். போன புரட்டாசியில் நாலு ஊர் தள்ளி, முன்பின் தெரியாத ஒருவர் விடியற்காலை ஐந்தரைக்குக் கூப்பிட்டார்.

"டாக்டருங்களா? எங்க மாடு ராத்திரி சோடி போட்டிருக்குதுங்க. ஒண்ணு காளை. கூட இருக்கறது நல்ல கிடேரியா, இல்ல அண்ணன் கெடுத்த கிடேரியான்னு பாக்கோணுமுங்க. குழல் வெச்சிருக்கீங்களாமா."

சீம்பாலை முதலில் இரண்டுக்கும் வயிறாரக் கொடுங்கள், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.